விதிதான் பாடம்: வேலைப் பயிற்சிக்கு ஒரு கணினி விளையாட்டு அமைப்போம்



கைப்பேசியில் விளையாடத் தெரியாதவர் நம்மில் அநேகமாக யாரும் இல்லை. சிலருக்கு விளையாட்டை உருவாக்கவும் தெரியும். கணினித் துறை படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அண்ணே, கேம் செய்யப் படிச்சா இங்க வேலை கிடைக்குமா?"

கிடைக்கும். தொழிற்சாலை, மருத்துவமனை, துறைமுகம், கிடங்கு, பெரிய சமையல்கூடம் என்று எங்கெல்லாம் ஒரு வேலையை வரிசை தப்பாமல் செய்ய வேண்டுமோ, அங்கெல்லாம் பயிற்சி தேவைப்படுகிறது. அந்தப் பயிற்சியைக் கணினி விளையாட்டாகச் செய்து கொடுக்கும் துறைக்கு ஆங்கிலத்தில் 'சீரியஸ் கேம்' என்று பெயர். நாம் பயிற்சி விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம்.

நான் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிப் பாடங்கள் தயாரித்துக் கொடுக்கிறவன். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு விளையாட்டை அடியிலிருந்து எப்படி அமைப்பது என்று பார்ப்போம். போகப் போக ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். விளையாட்டில் எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ, அதைத்தான் ஆள் கற்றுக்கொள்கிறான். சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சுவரொட்டி என்ன சொன்னாலும் சரி.

1. இது புது யோசனை இல்லை

விளையாட்டை வைத்துப் பாடம் நடத்துவது நமக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருக்கும்போது பாட்டிமார்கள் பரமபத சோபானப் படத்தை விரிப்பார்கள். நல்ல குணம் ஏணியாக மேலே ஏற்றும், கெட்ட குணம் பாம்பாகக் கீழே இறக்கும். இதை மறந்துவிடாதீர்கள். பாடத்தின் நடுவில் இந்தப் பாம்பு திரும்ப வரும்.

வேலையிடத்துக்கு வருவோம். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் தரையிலிருந்தபடியே விமானம் ஓட்டப் பழகும் ஒரு கருவியைச் செய்தார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் இராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையில் இறக்கப்பட்டு, மோசமான வானிலையில் பலர் இறந்தார்கள். அதன் பிறகே இராணுவம் அந்தக் கருவியை வாங்கியது. அதே காலத்தில், 1932-இல், லெனின்கிராடில் மேரி பிர்ஷ்டெய்ன் என்ற பெண்மணி ஒரு தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலையின் மேலாளர்களுக்காக, உற்பத்தி வேலையைப் பழகிப் பார்க்கும் விளையாட்டு ஒன்றை அமைத்தார். வேலை ஓட்டத்தைக் கற்பிக்கும் விளையாட்டுகளின் தொடக்கமாக அதைத்தான் பலர் சொல்கிறார்கள்.

1970-இல் கிளார்க் ஆப்ட் என்பவர் எழுதிய புத்தகத்தால் 'சீரியஸ் கேம்' என்ற பெயர் பரவியது. 2007-இல் ஐபிஎம் நிறுவனம், ஒரு கம்பெனியின் வேலை ஓட்டத்தில் எங்கே அடைப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முப்பரிமாண விளையாட்டை வெளியிட்டது. ஆக, இந்தத் துறைக்குத் தொண்ணூறு வருட வரலாறு இருக்கிறது. நம் கையில் இப்போது கணினி இருக்கிறது, அவ்வளவுதான்.

2. நம் எடுத்துக்காட்டு: பூட்டும் அட்டையும்

தொழிற்சாலையில் ஒரு மிஷின் அடைத்துக்கொள்கிறது. டெக்னீஷியன் உள்ளே கைவிட்டுச் சரிசெய்ய வேண்டும். அவர் கை உள்ளே இருக்கும்போது யாரோ தெரியாமல் ஸ்விட்சைப் போட்டால் என்ன ஆகும்? விரல் போகும், கை போகும், உயிரும் போகும். இதைத் தடுக்கத்தான் 'லாக்அவுட் டேக்அவுட்' என்ற முறை இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் சுருக்கமாக 'லோட்டோ' என்பார்கள். வெள்ளிக்கு நாலு நம்பர் எடுக்கிற லோட்டோ இல்லை! மின்சாரத்தையும் மற்ற சக்திகளையும் நிறுத்தி, நிறுத்திய இடத்தில் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டுவதுதான் இந்த முறை. அமெரிக்காவில் 1989-இல் இதற்கென்று தனி விதிமுறையே வெளிவந்தது. இன்று பல நாட்டுத் தொழிற்சாலைகளில் இது நடைமுறையில் இருக்கிறது.

படிகள் ஏழு:

1. இந்த மிஷினுக்குள் என்னென்ன சக்தி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது: மின்சாரம், அழுத்தக் காற்று, எண்ணெய் அழுத்தம், சூடு, மேலே தூக்கி நிற்கும் பாரம், இழுத்து நிற்கும் ஸ்பிரிங்.
2. பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வது.
3. வழக்கமான முறையில் மிஷினை நிறுத்துவது.
4. ஒவ்வொரு சக்தியையும் அதன் மூலத்திலேயே துண்டிப்பது.
5. பூட்டுப் போட்டு அட்டை மாட்டுவது. ஓர் ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி.
6. உள்ளே தேங்கி நிற்கும் சக்தியை வெளியேற்றுவது.
7. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, மிஷின் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்பவும் நிறுத்த நிலைக்குக் கொண்டுவருவது.

படித்துப் பார்த்தால் சுலபம். ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும். சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில் இந்தப் பயிற்சியை வருடத்துக்கு ஒருமுறை நடத்தினார்கள். நாற்பது ஸ்லைடு, கடைசியில் பத்துக் கேள்வி. எல்லாரும் பத்துக்குப் பத்து வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சில வாரம் கழித்து, அதே பத்துக்குப் பத்து வாங்கிய ஒருவர், மின்சாரத்தை மட்டும் துண்டித்துவிட்டு மிஷினுக்குள் கைவிட்டார். குழாயில் தேங்கியிருந்த காற்றில், பெட்டியைத் தள்ளும் இரும்புத் தண்டு முன்னால் பாய்ந்தது. கையுறையின் நுனி கிழிந்ததோடு போயிற்று. ஆறாவது படி என்ன என்று அவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார். அவருக்குப் பாடம் தெரியும். ஆனால் கையில் பழக்கம் இல்லை.

தெரிவதற்கும் பழகுவதற்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளிக்குத்தான் விளையாட்டு தேவைப்படுகிறது.

3. முதலில் பாருங்க, கேளுங்க

கணினியைத் திறப்பதற்கு முன்னால் வேலையிடத்துக்குப் போக வேண்டும். கையேட்டில் இருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. டெக்னீஷியன் பக்கத்தில் நின்று ஒரு ஷிப்ட் முழுக்கப் பாருங்க. பிறகு, "எந்தப் படியை விட்டுவிடுகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "புதுசா வந்த ஆள் எந்த இடத்துல தடுமாறுவார் அண்ணே?" என்று கேளுங்க. கதை கதையாகச் சொல்வார்கள்.

நான் இப்படிக் கேட்டபோது மூன்று விஷயம் மீண்டும் மீண்டும் வந்தது. ஒன்று, சின்ன அடைப்பு என்றால் "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று பூட்டை எடுக்கவே மாட்டார்கள். இரண்டு, மின்சாரத்தைத் துண்டித்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். காற்றும் பாரமும் கண்ணுக்குத் தெரியாது. மூன்று, ஷிப்ட் மாறும் நேரத்தில் யாருடைய பூட்டு எது என்று குழம்பிவிடும்.

இந்த மூன்றும்தான் நம் விளையாட்டின் மூன்று கட்டங்கள். ஏழு படிக்கு ஏழு கட்டம் என்று செய்யத் தேவையில்லை. எங்கே ஆள் தடுமாறுகிறாரோ, அங்கே விளையாட்டைக் கொண்டுபோய் வையுங்கள்.

4. கதவைத் திறந்து வையுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: திரையில் ஏழு பட்டன், சரியான வரிசையில் அழுத்தினால் பச்சை விளக்கு. தப்பாக அழுத்தினால் 'டிங்' என்று சத்தம், அடுத்த படிக்குப் போக முடியாது.

இது வெறும் கேள்வித்தாள். விளையாட்டுச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான மிஷின் யாரையும் தடுக்காது. பூட்டுப் போடாமல் கைவிட்டால் அது 'டிங்' என்று சொல்லாது.

அதனால் விளையாட்டிலும் எந்த வேலையையும் எந்த நேரத்திலும் செய்ய வழி இருக்க வேண்டும். உள்ளே கணினி ஒரு கணக்கை வைத்திருக்கும்: மின்சாரம் இருக்கிறதா, காற்றழுத்தம் எவ்வளவு, தண்டு எந்த நிலையில், பாரம் தாங்கியில் இருக்கிறதா, யாருக்கெல்லாம் தகவல் போயிருக்கிறது, யார் யார் பூட்டு தொங்குகிறது. விளையாடுகிறவர் செய்யும் ஒவ்வொரு செயலும் இந்தக் கணக்கை மாற்றும். மின்சாரத்தைத் துண்டித்தால் மின்சாரம் மட்டும்தான் போகும், காற்று அப்படியே 6 பாரில் நிற்கும். வால்வை மூடினால் புதுக் காற்று வராது, பழைய காற்று குழாயில் இருக்கும். அதை வெளியேற்றினால்தான் அளவுமானி பூஜ்யத்துக்கு வரும்.

இப்படி அமைத்தால் ஆறாவது படி எதற்கு இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை. விதியே சொல்லிவிடும். வேறு ஒரு மிஷினைக் கொடுத்தாலும் அந்த ஆள், "இதுல காற்று எங்க இருக்கு? பாரம் எங்க நிக்குது?" என்று தேடுவார். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர் புது மிஷின் முன்னால் திகைத்து நிற்பார்.

5. அதிர்ஷ்டத்துக்குப் புள்ளி கொடுக்காதீர்கள்

இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

ஒருவர் ஆறாவது படியை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் என்ன நடக்க வேண்டும்?

ஒவ்வொரு முறையும் விபத்து நடந்தால், அனுபவசாலிகள் சிரிப்பார்கள். "நான் இதை நூறு தடவை விட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். உண்மையான வேலையிடத்தில் படியைத் தவறவிட்டால் பெரும்பாலான நேரம் ஒன்றும் ஆகாது.

சரி, பத்தில் ஒருமுறை மட்டும் விபத்து நடக்கும்படி செய்தால்? அது இன்னும் மோசம். மீதி ஒன்பது முறை படியைத் தவறவிட்டவர் 'வெற்றி' என்ற எழுத்தைப் பார்ப்பார். விட்டாலும் பரவாயில்லை என்று நம் விளையாட்டே அவருக்குப் பயிற்சி கொடுத்துவிடும்.

இப்போது பரமபதத்தை நினைத்துப் பாருங்க. அங்கே தாயக்கட்டைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆணவத்தைத் தேர்ந்தெடுத்து யாரும் பாம்பின் வாயில் விழுவதில்லை. விழுந்த எண் அங்கே கொண்டுபோய் விடுகிறது. அந்த விளையாட்டு சொல்ல வந்த பாடம் வேறு, அதற்கு அந்த அமைப்பு பொருத்தம். வேலைப் பயிற்சியில் தேர்வு ஆளின் கையில் இருக்க வேண்டும். தாயக்கட்டை தேர்வை மறைத்துவிடக் கூடாது.

நான் கண்ட வழி இது. விபத்து நடந்ததா இல்லையா என்பதை வைத்துப் புள்ளி போடாதீர்கள். கை ஆபத்தான இடத்தில் இருந்த நேரத்தில், உள்ளே சக்தி மிச்சம் இருந்ததா என்பதை வைத்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் விளையாட்டு நடந்ததைத் திரும்ப ஓட்டிக் காட்டும். இந்த முறை மிஷினின் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே காற்று சிவப்பு நிறத்தில் தெரியும். கை உள்ளே போகிறது, பக்கத்தில் சிவப்பு நிற்கிறது. கீழே ஒரு வரி: "தண்டு இந்த முறை நகரவில்லை. உங்கள் கை 40 வினாடி அதன் பாதையில் இருந்தது."

விபத்தே நடக்காத அந்த ஆட்டம், விபத்து நடந்த ஆட்டத்தைவிட ஆளை அதிகம் யோசிக்க வைக்கும். நூறு முறை ஒன்றும் ஆகாமல் தப்பித்தவருக்கு, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் என்ன நின்றது என்று முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

விபத்தைக் காட்ட வேண்டி வந்தால் இரத்தம் வேண்டாம், கேலியும் வேண்டாம். திரை நிற்கட்டும். எந்த இடத்தில் இது ஆரம்பித்தது என்று பின்னோக்கி ஓடட்டும். மேலாண்மைப் படிப்பில் புகழ்பெற்ற ஒரு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் உருவானது, பெயர் 'பீர் கேம்'. பயப்படாதீங்க, குடிக்கிற விளையாட்டு இல்லை! கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகிப்பவர், தயாரிப்பவர் என நான்கு பேர் ஆர்டர் போட்டுச் சரக்கு வாங்குகிறார்கள். சரக்கு வரத் தாமதம் ஆவதால் எல்லாரும் பதறி அதிகமாக ஆர்டர் போட்டுக் கடைசியில் சரக்கு மலையாகக் குவிந்துவிடும். ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் குறை சொல்வார்கள். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் நேரம் இருந்தால் மனிதனுக்குக் காரணம் தெரியாது. அந்த விளையாட்டு காட்டும் உண்மை இது. அதனால்தான் திரும்ப ஓட்டிக் காட்டுவது அவசியம்.

6. கடிகாரம் ஓடட்டும், புள்ளியில் சேரக் கூடாது

அவசரம் இல்லாத விளையாட்டு பொய்யான விளையாட்டு. உண்மையில் லைன் நின்றுவிட்டால் போர்மன் கைப்பேசியில் கூப்பிடுவார். "இன்னும் எவ்வளவு நேரம்? லோரி வந்து நிக்குது!" என்பார். அந்தக் குரல் நம் விளையாட்டில் இருக்க வேண்டும். கடிகாரமும் தெரிய வேண்டும்.

ஆனால் வேகமாக முடித்தவருக்கு நட்சத்திரம் கொடுக்காதீர்கள். சாதாரணக் கைப்பேசி விளையாட்டில் வேகத்துக்கு நட்சத்திரம் கொடுத்துப் பழகிவிட்டோம். இங்கே அதைச் செய்தால், படியைத் தாண்டிப் போகிறவருக்குத்தான் முதல் பரிசு. வேலையிடத்தில் எந்தப் பழக்கத்தை ஒழிக்கப் பார்க்கிறோமோ, அதையே காசு செலவழித்துக் கற்றுக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும். எல்லாருடைய பெயரையும் வரிசைப்படுத்தும் பட்டியலும் அப்படித்தான். முதலிடத்துக்குப் போட்டி வந்தால் பூட்டைப் பற்றிய நினைப்பு போய்விடும்.

போர்மன் கூப்பிடும்போது என்ன பதில் சொல்வது என்பதையும் ஒரு தேர்வாக வையுங்கள். "முடிஞ்சிருச்சு, போடுங்க" என்பதும் ஒரு பதில். "இன்னும் காற்றை இறக்கல, ஐந்து நிமிஷம் ஆகும்" என்பதும் ஒரு பதில். பல இடங்களில் டெக்னீஷியனுக்குப் படிகள் நன்றாகத் தெரியும், மேலதிகாரியிடம் 'பொறுங்க' என்று சொல்லத்தான் வாய் வராது. அந்த வார்த்தையையும் பழக்கிவிட வேண்டும்.

மலேசியாவில் இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பயிற்சி கொடுப்பதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம் என்று உரிமை கொடுக்கிறது. விளையாட்டில் 'வேலையை நிறுத்து' என்ற பட்டன் எப்போதும் திரையில் இருக்க வேண்டும். அதை அழுத்துவதும் சில நேரம் சரியான விடைதான்.

7. கடைசிக் கட்டத்துப் பெரிய பாம்பு

பரமபதம் ஆடியவர்களுக்குத் தெரியும். வைகுண்டம் தெரிகிற தூரத்தில்தான் பெரிய பாம்பு காத்திருக்கும். இந்த வேலையிலும் அப்படித்தான். அடைப்பு எடுத்தாயிற்று, மனசு லேசாகிவிட்டது. மிஷினைத் திரும்ப ஓட விடும் நேரம் மிக ஆபத்தான நேரங்களில் ஒன்று. உள்ளே ஸ்பானர் இருக்கலாம், இன்னோர் ஆள் மறுபக்கம் இருக்கலாம்.

அதனால் அடைப்பு எடுத்ததும் 'வெற்றி' என்று இசை போடாதீர்கள். ஆட்டம் தொடரட்டும். கருவிகளை எண்ணினாரா? மூடியைத் திரும்பப் போட்டாரா? மறுபக்கம் போய்ப் பார்த்தாரா? எல்லாருக்கும் சொன்னாரா? பிறகுதான் பூட்டு. பூட்டைப் போட்டவரே அதைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது கட்டத்தில் ஒரு முடிச்சு வையுங்கள். ஷிப்ட் மாறிவிட்டது, ஒரு பூட்டு மட்டும் தொங்குகிறது. அட்டையில் பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம். போர்மன் பூட்டை வெட்டச் சொல்கிறார். வெட்டினால் கணினி உடனே எதுவும் சொல்லாது. திரும்ப ஓட்டிக் காட்டும்போதுதான், அந்த ஆள் வீட்டுக்குப் போயிருந்தாரா, மிஷினின் பின்பக்கம் குனிந்துகொண்டிருந்தாரா என்பது தெரியும். ஆள் இடத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவரைத் தொடர்புகொள்ள முயற்சி செய்து, எழுத்து மூலமான நடைமுறைப்படி பொறுப்பாளர் எடுக்க வேண்டிய முடிவு அது. அவசரத்தில் கத்தரியை எடுப்பது அந்த நடைமுறையில் இல்லை.

8. யார் கையில் விளையாட்டு போகப்போகிறது?

நம் நாட்டுத் தொழிற்சாலை வரிசையில் ஒரு தமிழர், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், பக்கத்தில் நேப்பாளத்துக்காரர், வங்காளதேசத்துக்காரர், மியன்மார்காரர் என்று நிற்பார்கள். நீண்ட வாக்கியங்களால் பயன் இல்லை. படமும் குரலும்தான் உதவும். குரலை நாலைந்து மொழியில் பதிவு செய்யலாம். அந்தந்த மொழி பேசும் தொழிலாளியையே வைத்துப் பதிவு செய்தால் இன்னும் நல்லது, வேலையிடத்தில் புழங்கும் சொற்கள் அவருக்குத்தான் தெரியும்.

திரையில் காட்டும் பூட்டும் வால்வும் அங்கே இருக்கிற பூட்டும் வால்வும் போலவே இருக்கட்டும். விலை குறைந்த கைப்பேசியிலும் ஓட வேண்டும். ஓர் ஆட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஷிப்ட் தொடங்கும் முன் அவ்வளவு நேரம்தான் கிடைக்கும்.

9. முதலில் காகிதம்

மென்பொருளுக்கு அவசரப்படாதீர்கள். முதல் விளையாட்டைக் காகிதத்தில் செய்யுங்கள். மிஷினின் படம் ஒரு பெரிய தாளில். சக்திக்குச் சிவப்புக் காய்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அட்டை. ஒருவர் டெக்னீஷியன், ஒருவர் போர்மன், நீங்கள் கணினி. உள்கணக்கை நீங்களே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு டெக்னீஷியன்களை உட்கார வைத்து ஆடச் சொன்னால் அரை மணி நேரத்தில் பத்துக் குறை வெளிவரும். காகிதத்தில் திருத்த ஓர் அழிப்பான் போதும்.

பிறகு கணினிக்கு வரலாம். தொடக்கத்துக்கு ஸ்கிராட்ச் போதும். உரையாடல் தேர்வுகளுக்கு டுவைன் நன்றாக வரும். முழு விளையாட்டுக்கு கோடோ இருக்கிறது. மூன்றும் இலவசம்.

10. ஆட்டம் முடிந்த பிறகு

விளையாட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. டிரேசி சிட்ஸ்மேன் என்ற ஆய்வாளர் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்டார். மற்ற பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும்போதும், ஆடுகிறவர் சும்மா பார்க்காமல் தானே செய்யும்போதும் விளையாட்டு கூடுதல் பலன் தருகிறது என்பது அதில் தெரிந்த விஷயங்களில் ஒன்று. ஆகவே பத்து நிமிட ஆட்டத்துக்குப் பிறகு பதினைந்து நிமிடப் பேச்சு வையுங்கள். "நம்ம மிஷின்ல இந்தச் சிவப்பு எங்க இருக்கு?" என்ற ஒரே கேள்வி போதும். அதன்பின் உண்மையான மிஷினுக்கு அழைத்துப் போய், உண்மையான பூட்டைக் கையில் கொடுங்கள். கணினியில் ஆடியவர் பூட்டைத் தொடாமல் பயிற்சி முடியாது.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? "விளையாட்டு பிடிச்சிருந்தது" என்று எழுதிக் கொடுப்பதை நம்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து வேலையிடத்தில் போய்ப் பாருங்கள். அடைப்பு எடுக்கும்போது பூட்டு தொங்குகிறதா? அளவுமானியைப் பார்க்கிறார்களா? அதுதான் மதிப்பெண்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நிர்வாகம் உங்களிடம், "யார் யார் குறைந்த புள்ளி எடுத்தார்கள்? பெயர் கொடுங்கள்" என்று கேட்கலாம். கொடுத்தால் விளையாட்டு அன்றோடு செத்துவிடும். தவறு செய்து பார்க்கத்தான் அந்த இடத்தைக் கட்டினோம். தவறுக்குத் தண்டனை என்று தெரிந்தால் எல்லாரும் ஒருவருக்கொருவர் சரியான விடையைச் சொல்லிக்கொடுத்துப் பழைய பத்துக்குப் பத்துக்கே திரும்பிவிடுவார்கள். எந்தக் கட்டத்தில் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள் என்ற மொத்தக் கணக்கை மட்டும் கொடுங்கள். இதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, போர்மனையும் மேலாளரையும் உட்கார வைத்து அதே விளையாட்டை டெக்னீஷியனாக ஆடச் சொல்லுங்கள். தங்கள் குரலே காதில் விழும்போது அவர்களுக்கும் பாடம் கிடைக்கும். அவசரப்படுத்துகிறவர் மாறாமல், அவசரப்படுகிறவரை மட்டும் திருத்த முடியாது.

செய்து பாருங்கள்

கிளைக் கூட்டத்தில் நான்கு நான்கு பேராகப் பிரிந்து இதைச் செய்யுங்கள்.

1. உங்களில் ஒருவர் வேலை செய்யும் இடத்தில், வரிசை தப்பினால் ஆபத்து வரும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். போர்க்லிப்ட் ஓட்டுவது, சமையல் எரிவாயு சிலிண்டர் மாற்றுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, எதுவும் ஆகலாம்.
2. அந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஆபத்து எது? அதை எப்படித் திரையில் தெரிய வைப்பீர்கள்?
3. அங்கே ஆளை அவசரப்படுத்துவது யார், அல்லது எது?
4. படியைத் தவறவிட்டும் தப்பித்துவிட்ட ஆளுக்கு உங்கள் விளையாட்டு என்ன காட்டும்?
5. எதற்குப் புள்ளி? ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அந்த வாக்கியத்தை அந்த வேலையைச் செய்கிறவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் தலையாட்டினால் தாளை விரித்துக் காய்களை வெட்ட ஆரம்பிக்கலாம்.

ஐந்தாவது கேள்விக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுத ஆள் கிடைப்பார்கள், படம் வரையவும் ஆள் கிடைப்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும், அந்த மிஷின் முன்னால் நிற்கிறவரின் கையை மனதில் வைத்து, நாம்தான் எழுத வேண்டும்.